சோலோ என்றால் ஒத்தை ஆள் இல்லை: ராமநாதபுரம் கடற்கரை விழாக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை கோயில் கொடை, ஆலயத் திருவிழா, சந்தனக்கூடு என்று மேடை போடும் தலைவர்கள், பொருளாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் மேடைகளில் மைக் செட் போடுகிறவர்கள், லைட் கட்டுகிறவர்கள், கிடாரும் கீபோர்டும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். சமீபமாகக் கமிட்டிப் பேச்சில் அடிக்கடி ஒரு வாசகம் வருகிறது. "பேண்டு வரலை, அதுல பாடினவர் மட்டும்தான் சோலோவா வர்றார். ஆள் ஒருத்தர்தானே, செட்டைச் சின்னதாப் போடுங்க, பென் டிரைவ்ல பாட்டு ஓடும்." இந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு, சரியான கணக்கு எது என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ராக் பேண்டு என்பது பங்குத் தொழில். நாலு பேர் சேர்ந்து வலை இழுக்கிறார்கள், பட்டதைப் பிரித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து பிரிந்து தன் பெயரில் பாட வருகிறவர் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி ஆகிவிடுகிறார். ஆனால் சம்மாட்டி தனியாகவா கடலுக்குப் போகிறார்? ஆள் வைக்க வேண்டும், டீசல் போட வேண்டும், மீன் பட்டாலும் படாவிட்டாலும் பேசின கூலியைக் கொடுக்க வேண்டும். சோலோ பாடகருக்குச் செலவு குறைவதில்லை. நேற்றுவரை நாலு தோளில் இருந்த செலவு இன்று ஒரு தோளுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உலகத்தில் இந்த வழியில் போனவர்களில் ராக் பாடகர் ஸ்டிங்கின் கதை நம் கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. இயற்பெயர் கோர்டன் சம்னர். 1951-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம், கப்பல் கட்டும் ஊரான வால்சென்டில் பிறந்தவர். அப்பா பால் வியாபாரி. கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, ராத்திரியில் ஜாஸ் குழுக்களில் பேஸ் கிடார். குளவி மாதிரி கறுப்பும் மஞ்சளும் வரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாசித்ததால் வந்ததுதான் 'கொடுக்கு' என்று பொருள்படும் அந்தப் பட்டப்பெயர். 1977-இல் லண்டனில் டிரம்ஸ் ஸ்டீவர்ட் கோப்லேண்ட், கிடார் ஆண்டி சம்மர்ஸ் என்று மூன்று பேராக 'தி போலீஸ்' அமைந்தது. ஐந்தே ஆல்பங்கள், கடைசியானது 1983-இல். அந்த ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 70,000 பேர் முன்னால் வாசித்தார்கள். 1984 தொடக்கத்தில் சுற்றுப்பயணம் முடிந்தது, பேண்டும் முடிந்த மாதிரிதான்.

இந்தக் குழு 1980 மார்ச்சில் மும்பையிலும் வாசித்திருக்கிறது. அதை ஏற்பாடு செய்தது பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை, பெண்கள் நடத்திய ஒரு தொண்டுக் கழகம். அதுவும் உங்களைப் போல ஒரு கமிட்டிதான். தைரியம் இருந்தால் கமிட்டியால் முடியும் என்பதற்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

1985-இல் ஸ்டிங் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டபோது என்ன செய்தார் என்று பாருங்கள். பேண்டிலே மூன்று பேர்தான். தனியாக வந்தபோது ஆள் கூடியது: சாக்ஸஃபோனில் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ், கீபோர்டில் கென்னி கிர்க்லேண்ட், டிரம்ஸில் ஓமர் ஹக்கீம், பேஸில் டாரில் ஜோன்ஸ், கூடவே பின்குரல் பாடுகிறவர்கள். தன் பேஸ் கிடாரையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அவர் கிடாரை எடுத்துக்கொண்டார். அப்பா இறந்த துக்கத்தில் சில காலம் பாட்டே எழுத வராமல் இருந்து, பிறகு 1991-இல் வந்த ஆல்பம் முழுக்கக் கப்பல் கட்டும் துறையும் கடலும்தான். பேண்டில் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளுக்கு இடம் கிடைத்திருக்காது என்பது எங்கள் எண்ணம். இந்தக் கரையில் மீனவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்து, கரகரப்பு ஏற்றிய டிஸ்டார்ஷன் கிடாரோடு பாடக் கற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தனியாக மேடை ஏறும்போது "தெரிஞ்ச பாட்டு பாடுப்பா" என்று கீழேயிருந்து சீட்டு அனுப்பாமல், சொந்தப் பாட்டு மூன்றுக்காவது இடம் விடுங்கள்.

அடுத்து போஸ்டர் விஷயம். இதில்தான் முதல் சண்டை வரும். பேண்டின் பெயரைப் பெரிதாகவும் பாடகர் பெயரைச் சின்னதாகவும் அடிக்கிறீர்கள், கூட்டம் வரும் என்று. பேண்டு வரவில்லை என்றால் அந்தப் பெயருக்கு அங்கே வேலை இல்லை. பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் பேண்டை விட்டு விலகியதாக அறிவித்த பிறகு, மீதி ஆட்கள் அந்தப் பெயரில் தொடரலாமா என்று பெரிய தகராறு. 1987 டிசம்பரில் சமரசம் ஆனது. பெயர் அவர்களுக்கு, 'தி வால்' என்ற படைப்பின் உரிமை இவருக்கு. அவ்வளவு பெரிய இடத்திலேயே பெயர் வேறு, ஆள் வேறு என்று பிரித்து எழுத வேண்டியிருந்தது. பெயர் டிரேட்மார்க் பதிவாகி இருந்தால் 1999 டிரேட்மார்க் சட்டத்தில் நேரடியாக வழக்கு வரும். பதிவாகாவிட்டாலும், இன்னொருவர் பெயரைக் காட்டி ஏமாற்றினீர்கள் என்று வழக்குப் போட வழி இருக்கிறது. பாடகர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கீழே "முன்னாள் பாடகர்" என்று பேண்டின் பெயரை அதன் கால்வாசி அளவில், லோகோ இல்லாமல், சாதாரண எழுத்தில் போடலாம். அதையும் பாடகர் எழுத்தில் சம்மதித்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

பழைய பாட்டுகளைப் பாடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, பதிவான ஒலிக்கு இன்னொரு உரிமை. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு கையில் இருக்கும். வரியும் மெட்டும் எழுதியவர் ஆயுளுக்குப் பின் 60 வருடம் வரை பாதுகாப்பில் இருக்கும். மேடையில் பாட லைசென்ஸ் கொடுப்பது ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்கிற சங்கம். பேண்டுக்காரர்களிடம் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பேண்டு பதிவு செய்த ஒலியிலிருந்து குரலை மட்டும் நீக்கி மைனஸ் டிராக்காக ஓட்டினால், அது அந்தப் பதிவின் சொந்தக்காரரான கம்பெனியின் சொத்து. பாடகர் சொந்தமாகப் புதிதாக வாசித்துப் பதிந்த டிராக்கைக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை இல்லை. மதச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, உண்மைதான். ராத்திரி 8 மணிக்கு எலெக்ட்ரிக் கிடாரோடு நடக்கும் கச்சேரியும் சடங்குதான் என்று நீதிபதியிடம் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டாம். டிக்கெட்டோ, ஸ்பான்சர் பேனரோ இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டிக்கு நடந்தது இதைவிட விசித்திரம். அவருடைய பேண்டான 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' 1972-இல் கலைந்தது. அவரே எழுதி அவரே பாடிய பாட்டுகளின் உரிமை ரெக்கார்டு கம்பெனியிடம் போயிருந்தது. அந்தக் கோபத்தில் பழைய பாட்டுகளை 1987 வரை மேடையில் பாடாமலே இருந்தார். நடுவில் 1985-இல் சோலோவாகப் போட்ட புதுப் பாட்டு, அவருடைய பழைய பாட்டைத் திருடியது என்று அதே கம்பெனி வழக்குப் போட்டது. தன் பாட்டைத் தானே திருடினார் என்று! 1988-இல் கோர்ட்டில் கூண்டிலேயே கிடாரை வாசித்துக் காட்டி ஜெயித்தார். வழக்குச் செலவு யார் தருவது என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அதனால் ஒரு பாடகர் "அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்" என்று சொன்னால் திமிர் என்று நினைக்காதீர்கள். பின்னால் பத்திரச் சிக்கல் இருக்கலாம். பாட்டுப் பட்டியலை 15 நாளுக்கு முன்பே கேட்டு வாங்கி, அதற்கு மேல் மேடையில் வற்புறுத்தாமல் இருங்கள்.

யூடியூப் நேரலையும் இப்படித்தான். பாடுகிறவரின் நிகழ்த்துகலைஞர் உரிமை அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவிலும் அதன் தொடர்ச்சியிலும் இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவோ ஒளிபரப்பவோ முடியாது. எத்தனை பாட்டு, எந்தச் சேனல், எவ்வளவு நாள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினால் பாடகர் பக்கத்து வேலை முடிந்தது.

இனி மேடைக்கு வருகிறோம். கமிட்டிகள் கவனிக்காமல் விட்டு, நாங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பேண்டில் பாடும்போது பின்னால் டிரம்ஸும் கிடார் ஆம்ப்ளிஃபையரும் இரைவதால் குரலில் வரும் சின்னப் பிசிறு மறைந்துவிடும். சோலோவில் ஜனங்கள் குரலைத்தான் கேட்க வருகிறார்கள். மூச்சு வாங்குவது, 'ப' சொல்லும்போது மைக்கில் இடிப்பது, கரண்டின் 'ம்ம்ம்' இரைச்சல், காற்றின் படபடப்பு எல்லாம் வெளியே தெரியும். அதனால் பாக்ஸ் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தாலும் பரவாயில்லை, கரண்டிலும், பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பாக்ஸிலும் கை வைக்காதீர்கள்.

கரண்டு கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பாடகரோடு நாலு பேர் வாசிக்கும் மேடைக்கு, நாலு டாப், நாலு டபுள் பேஸ் பாக்ஸ், மிக்சர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது சராசரியாக 5 முதல் 6 கிலோவாட். எல்.இ.டி. பார் லைட் 24, ஒன்று 150 வாட் என்று வைத்தால் 3.6 கிலோவாட். சுழலும் லைட் 8 இருந்தால் இன்னும் 3. மொத்தம் 12 முதல் 13. 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 20 கிலோவாட் தரும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பாரம் என்பது சௌகரியமான ஓட்டம். மணிக்கு 4 முதல் 5 லிட்டர் டீசல் குடிக்கும். 15 கே.வி.ஏ. போதும் என்று மிச்சம் பிடித்தால் அதன் வரம்பே 12 கிலோவாட். பேஸ் அடிக்கும்போதெல்லாம் லைட் கண் சிமிட்டும், டிஜிட்டல் மிக்சர் ரீ-ஸ்டார்ட் ஆகும். ஆன சமயத்தில் மேடை முழுக்க மௌனம். சவுண்டை ஒரு ஃபேஸிலும் லைட்டை மற்ற இரண்டிலும் பிரித்துக் கொடுங்கள்.

வயர் தடிமன் அடுத்தது. ஜெனரேட்டர் இரைச்சல் பாட்டில் விழாமல் இருக்க 40 மீட்டராவது தள்ளி, காற்று போகும் பக்கமாக வைக்க வேண்டும். அந்த 40 மீட்டருக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் இழுத்து 24 ஆம்பியர் ஓட்டினால் போகும் வழியிலேயே 10 வோல்ட் குறையும். 10 ஸ்கொயர் போட்டால் 4 வோல்ட்டோடு போச்சு. சீரியல் செட்டுக்கு இழுத்த வயரிலேயே மேடையையும் மாட்டிவிடும் பழக்கத்தை இந்த வருடத்தோடு விடுங்கள்.

நியூட்ரல் மூட்டு நம் கரைக்கே உரிய வில்லன். உப்புக் காற்றில் அலுமினிய முனை வெள்ளையாகப் பூத்துப்போய்ப் பிடிப்பு விடும். மூன்று ஃபேஸ் ஓடும்போது நியூட்ரல் கழன்றால், பாரம் குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 350-க்கு மேலே போகலாம். ஒரு நொடியில் மிக்சர், லேப்டாப் சார்ஜர், கீபோர்டு அடாப்டர் எல்லாம் கருகும். காலையிலேயே முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, லக் போட்டு இறுக்கி, டேப் சுற்றி, தரையில் கிடக்காமல் மரக்கட்டை மேல் தூக்கி வைக்க வேண்டும். இந்த வேலைக்கு எலெக்ட்ரீஷியன் கூலி ஒரு நாளுக்குக் கூடுதலாக ஆகும். கொடுங்கள்.

எர்த் என்றதும் ஒரு கம்பியை மணலில் குத்திவிட்டு முடிந்தது என்கிறார்கள். மேல் மணல் காய்ந்திருந்தால் அதில் கரண்டு இறங்காது. ஈர மணல் வரும் வரை, 2.5 மீட்டர் கம்பி இரண்டையாவது, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி விட்டு அடித்து இணைக்க வேண்டும். கடற்கரையில் கீழே உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் அதை எட்டிவிட்டால் நல்ல எர்த்தே கிடைக்கும். மேடை எர்த்தும் ஜெனரேட்டர் எர்த்தும் சேர்ந்திருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடகரை மைக் தொட விடாதீர்கள். கிடார் கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் மனித உடம்பு. 1972-இல் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுகிற ஆளை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்துங்கள். இரைச்சலுக்கு, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் தனி சுவிட்ச் இருக்கிறது. கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மேடைப் போர்டில் கட்டாயம்.

காற்றை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா என்றால் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், மார்கழி என்றால் வாடை. ஆனால் மேடை போடும்போது மட்டும் ரோட்டைப் பார்த்துத்தான் போடுகிறீர்கள். காற்றுக்கு எதிராகப் போகும் சத்தம் மேலே வளைந்து போய்விடும். பின்வரிசையில் உட்கார்ந்தவனுக்கு வார்த்தை கேட்காது, நாங்கள் வால்யூமை ஏற்றுவோம், முன்வரிசையில் குழந்தை அழும். மேடைக்குப் பின்னாலிருந்து காற்று ஜனங்களை நோக்கிப் போகும்படி போட்டால் பாதி வேலை முடிந்தது. கச்சானுக்கு மேடை தென்மேற்கில் இருந்து வடகிழக்கைப் பார்க்கட்டும். பாடகரின் தலையே மைக்குக்குக் காற்றுமறைவும் ஆகும். மைக்கில் ஸ்பான்ஜ் உறை, மிக்சரில் 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. பின்னால் கட்டும் ஃபிளெக்ஸ் வலைத்துணியாக இருக்கட்டும். கெட்டி ஃபிளெக்ஸ் பாய்மரம் மாதிரி பிடித்து, கட்டின சட்டத்தையே சாய்க்கும். பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தால் டவரில் பாக்ஸ் தொங்கவிட வேண்டாம், தரையில் அடுக்கிக்கொள்ளலாம். புகை மெஷினுக்குக் காசு கொடுக்காதீர்கள். கச்சானில் அது கடலில் கரைத்த பெருங்காயம், பாடகர் தொண்டையைக் காய வைப்பது ஒன்றுதான் மிச்சம்.

கூட்டம் நீளமாக உட்கார்ந்தால் 35 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி பாக்ஸ் போடுவோம். அந்த 35 மீட்டரைக் கடக்கச் சத்தத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும், அதே அளவு தாமதம் மிக்சரில் வைக்காவிட்டால் ஒரு வார்த்தை இரண்டு முறை கேட்கும். இதைச் சரிசெய்ய 10 நிமிடம் போதும், ஆனால் அந்த நேரத்தில் யாரும் மைக்கில் "ஹலோ ஹலோ, அன்னதானம் ஆரம்பம்" என்று பேசாமல் இருக்க வேண்டும்.

மைக் கூவுவதற்கு நீங்கள் செட்டைத் திட்டுகிறீர்கள். பெரும்பாலும் காரணம் திறந்து கிடக்கும் மற்ற மைக்குகள். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் குறையும். மேடை ஓரத்தில் கமிட்டி மைக், தொகுப்பாளர் மைக், நன்கொடை வாசிக்கும் மைக் மூன்றும் உயிரோடு இருந்தால் பாடகருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஷூர் எஸ்.எம். 58 மாதிரி மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். மானிட்டர் பாக்ஸ் பாடகருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது ராக் பாடகர்களின் பழைய வழக்கம், பொத்தினால் அந்த மந்தம் போய்விடும், கூவும். அதை அவரிடம் சொல்ல வேண்டியது நாங்கள். மெயின் பாக்ஸுக்கு முன்னால் நடைமேடை போட்டு அவரை நடக்க விடாமல் இருக்க வேண்டியது நீங்கள்.

டிராக் பற்றி ஒரு வார்த்தை. பென் டிரைவ், ப்ளூடூத் இரண்டும் வேண்டாம். ப்ளூடூத்தில் சத்தம் 100, 200 மில்லிசெகண்ட் பிந்தி வரும், டிரம்ஸ்காரர் எதைப் பிடிப்பார்? லேப்டாப் இரண்டு, ஒன்று ஓட, ஒன்று தயாராக. லேப்டாப் சத்தத்தை மிக்சருக்குக் கொடுக்கும் இடைமுகக் கருவியில் நாலு வெளியீடு: இரண்டு இசைக்கு, ஒன்று டிரம்ஸ்காரர் காதுக்குத் தாளத் தட்டு, ஒன்று காலியாக. இரண்டே வெளியீட்டில் சமாளித்தால் 'டிக் டிக்' என்ற தட்டுச் சத்தம் என்றைக்காவது ஊர் முழுக்கக் கேட்கும். மிக்சருக்கும் டிராக் லேப்டாப்புக்கும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று தனியாக வேண்டும்.

உப்புக் காற்றில் கிடார் கம்பி ஒரே நாளில் துரு பிடிக்கும், கம்பியை அன்று மதியம்தான் மாற்ற வேண்டும். மாலை 4 மணி வெயிலில் சுருதி சேர்த்தது 8 மணிக் குளிரில் விலகியிருக்கும். முதல் பாட்டுக்கு முன் 3 நிமிடம் சுருதி சேர்க்க விடுங்கள், "என்னய்யா இன்னும் தட்டிக்கிட்டே இருக்கான்" என்ற குரலுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 25 வயதில் பாடிய சுருதியில் 45 வயதில் பாட முடியாது. தி போலீஸ் 2007-இல் மறுபடி சேர்ந்து சுற்றியபோது பழைய பாட்டுகள் பலவற்றைச் சுருதி இறக்கித்தான் பாடினார்கள், கூட்டம் குறையவில்லை. அரைக்கட்டை இறக்கினால் கிடாரையும் இறக்கிச் சுருதி சேர்க்க வேண்டும், அதற்கு இரண்டாவது கிடார் வேண்டும். டிராக்கை மெஷினில் அரைக்கட்டை இறக்கலாம், ஒன்றரைக்கட்டை இறக்கினால் டிரம்ஸ் சத்தம் சேறாகும், புதிதாகப் பதிய வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரம். "அந்தப் பாட்டையும் சேர்த்துக்கோங்க" என்று மேடைக்கு முந்தின நாள் சொல்வது எதற்கும் உதவாது.

90 நிமிடம், 14 முதல் 16 பாட்டு என்பது ஒரு தொண்டைக்கு நியாயமான வேலை. உச்சத்தில் பாடும் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது. நடுவில் வாத்தியம் மட்டும் 5 நிமிடம் வாசிப்போம், அது ஓய்வு, பொன்னாடை போட வாய்ப்பு இல்லை. பொன்னாடை, மாலை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். வியர்த்த உடம்பில், காதுக்குள் மாட்டும் இன்-இயர் மானிட்டர் வயரோடு நிற்பவர் கழுத்தில் மாலை போட்டால் வயர் பிடுங்கும், அடுத்த பாட்டின் சுருதி போகும்.

சாப்பாட்டில் உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். 6 மணிக்கு நெய் மணக்கும் பிரியாணியும் நண்டுக் குழம்பும் வைத்து 7 மணிக்கு மேடை ஏற்றினால், வயிற்றுப் புளிப்பு மேலே வந்து குரல் கரகரக்கும். 4 மணிக்கு இட்லி, பிறகு சாதாரணத் தண்ணீர், இளநீர். ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். நண்டு கச்சேரி முடிந்து. குரலைச் சூடேற்ற 20 நிமிடம் ஒரு அமைதியான அறை வேண்டும், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை அதில் சேராது.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் அரசுக்கு அதிகாரம் உண்டு, உங்கள் தேதி அதில் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்த ஒலி அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75 டெசிபல், எது குறைவோ அதுதான் வரம்பு. 10 மணிக்கு முடிய வேண்டுமானால் 8:15-க்கு முதல் பாட்டு. அதற்குச் சவுண்ட் செக் 4 முதல் 5:15. அதற்கு மேடைக் கரண்டு 1 மணிக்கு. அதற்குப் பந்தல் காலை 10-க்குள். மாலைப் பூஜை, மஃரிப், இஷா பாங்கு, ஆலய மணி எந்த நேரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தந்த நேரத்தில் நாங்களே நிறுத்திக்கொள்வோம். பேச்சாளர்கள் இழுத்து 9:15-க்குப் பாட்டு ஆரம்பித்தால், 10 மணிக்கு இறக்கப்படுவது பேச்சாளர் இல்லை, பாடகர்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாடகர் சம்பளம், வாசிப்பவர்கள் சம்பளம், பயணம், தங்கல், செட் வாடகை என்று ஐந்து வரியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை பேசினால் கடைசியில் குறைவது வாசிப்பவன் கூலி. மதுரையில் விமானம் இறங்கினால் ராமேஸ்வரத்துக்கு 3 முதல் 4 மணி நேர ரோடு, வந்த அன்றே சவுண்ட் செக் என்று திட்டமிட வேண்டாம். அட்வான்ஸ் பாதி, மீதி மேடை ஏறும் முன். மழையால் நின்றால் வாசிப்பவர்களுக்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைக்கிற கமிட்டி இந்த வரியை விட்டால் பின்னால் மனஸ்தாபம் நிச்சயம்.

இந்த வருடத் தேதி முடிவானதும் எங்களுக்கு மூன்று விஷயம் அனுப்புங்கள்: மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது, ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ., பாடகரோடு எத்தனை பேர் வாசிக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு "யாருமில்லை" என்று பதில் எழுதும் முன், பாடகருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை மேடைகளில் ஒலி, ஒளி, வாத்திய வேலை செய்பவர்கள்